நீ போடுற அம்மா வேஷம்

மகனே,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பிச்சுடுவே, எனக்குச் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகும். அதனால் மேல்வீட்டுப் பெண்ணிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி மூன்று நாளாக எழுதிக்கினு இருக்கிறேன். அஞ்சாங்கிளாஸ் எழுத்து. புரியாத இடத்தில் வாய்விட்டுப் படி, புரியும்.

உன் நாடகத்தை அடுத்த மாதம் நம்ம திருத்தணியிலேயே, கல்யாண மண்டபத்தில் போடப்போவதாகச் சொன்னே. நகரியிலிருந்து உன் அக்காவும் வருகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னே. சரசு உன் நைனா காரியத்துக்கு வந்துவிட்டுப் போனவள், அதற்கப்புறம் இந்த ஊர்ப் படி மிதிக்கவில்லை. இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து, தன் தலையை மொட்டை அடித்த கதையை மேடையில் பார்க்கப் போகிறாள். அப்படி அடிக்க வைத்த அம்மாவாக, புடவை கட்டிக்கொண்டு, அவள் தம்பி நீ ஆடப் போகிறே. அவள் வருவதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரியணும். அந்த அம்மாவை நீ தப்பாக ஆடுகிறே.

போன மாதம் என்னைக் காரில் வைத்து மெட்ராஸுக்குக் கூட்டிக்கொண்டு போனே. என்ன வேஷம் போடுகிறே என்று முன்னாடியே சொல்லவில்லை. திரை விலகினதும் மேடையில் நானே வந்து நின்றேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்து வைத்துக்கொண்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. பேச்சுக்குப் பேச்சு நான் "ஆங்" போடுவேன் என்பது உன் வாயில் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜனங்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எப்போது பார்த்து வைத்துக்கொண்டே இதையெல்லாம்? சின்னச் சின்னத் தப்புகள் உண்டு. வெற்றிலையை இடது பக்கம் அடக்கினே. அப்போதெல்லாம் எனக்கு வலது பக்கம்தான், அந்தக் கடைவாய்ப் பல் விழுந்தது உன் கல்யாணத்துக்கு அப்புறம். மஞ்சள் புடவை கட்டினே. அன்றைக்கு நான் கட்டியிருந்தது பாசிப்பச்சை, பொதட்டூர்பேட்டையில் என் அண்ணன் தன் தறியில் நெய்து கொடுத்தது. மலைக்குப் போனது வெள்ளிக்கிழமை என்கிறே, செவ்வாய்க்கிழமை. இதெல்லாம் போகட்டும். உன் நைனாவைப் பெற்ற ஆயாவை ஆடின பெண் கையெடுத்துக் கும்பிட்டு "குழந்தை முடிய விட்டுடும்மா" என்று கெஞ்சினாளே, உன் ஆயா கெஞ்சி நீ எங்கே பார்த்தே? அந்தக் கிழவி ஒருத்தரிடம் தண்ணீர்கூடக் கெஞ்சிக் கேட்டதில்லை, அதட்டித்தான் கேட்பாள்.

நான் சொல்ல வந்த இடம் முடி எடுக்கிற இடம். பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறே. "உன் முடியக் குடுக்கக் கூடாதாம்மா?" என்று அவள் கேட்டதும் மண்டி போட்டு, அவள் காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணைக் காப்பாற்ற இன்னொரு கண்ணைக் கொடுத்தேனடி என்று ஒரு நீட்டு வசனம் பேசுகிறே. மண்டபம் பூரா மூக்கை உறிஞ்சினார்கள். முடிந்தபிறகு மைக்கைக் கொடுத்து ஆளாளுக்குப் பேசினார்கள். தாடிக்காரன் ஒருத்தன், ஆம்பளைப் பிள்ளைக்காகப் பொம்பளைப் பிள்ளையைப் பலி கொடுத்த தாய் என்றான். கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி, இல்லை, அவள் பாவம், சாமிக்குப் பயந்தவள் என்றாள். ரெண்டு பேரும் என்னைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள், நான் நடுவில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கினு இருந்தேன். அப்புறம் நீ புடவையோடே நின்று, "எனக்காகத்தான் எங்கக்கா அதை இழந்தா, அந்தப் பாரம் இன்னும் என் மேலதான் இருக்குது" என்றே. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வரும்போது திருவள்ளூர் தாண்டினதும், "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டே. "ஆங், நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். அது பொய். இனிமேல் எழுதுவதில் பொய் இல்லை.

உனக்கு அப்போது ஒன்பது வயசு. மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒன்பதாவது நாள், கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் முகம் திரும்பவில்லை. நர்ஸம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்துவிட்டாள். மத்தியானம் குழாயடியில் சோத்துத் தூக்கைக் கழுவிக்கொண்டே வேண்டினேன். முருகா, பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் சரசு முடியில் பூமுடி கொடுக்கிறேன். இவ்வளவுதான் சொன்னேன். பூமுடி என்றால் என்ன என்று உன் நாடகக்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. மொட்டை இல்லை அது. முடி நுனியில் மூணு கத்தரி, ஆச்சு. நம்ம மலைக்கு வருகிற பொம்பளைகள் பாதிப்பேர் அதைத்தான் கொடுக்கிறார்கள். பின்னல் போட்டால் வெட்டினது வெளியே தெரியக்கூடத் தெரியாது. என் முடியை ஏன் வேண்டிக்கொள்ளவில்லை என்று கேட்டால், வீட்டில் இருப்பதில் நல்லதைத்தானே சாமிக்குச் சொல்லுவோம். என் முடியைக் கொடுத்திருந்தால் சாமியே சிரித்திருக்கும்.

சரசு முடி அப்படி. பதினேழு வயசில் முழங்கால் தொட்டது. அந்த முடி என் பக்கத்திலிருந்து வரவில்லை, உன் நைனா பக்கம். நான் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் உன் ஆயா என்னை வாசலில் உட்கார வைத்து, எதிர்வீட்டுக்காரி, பக்கத்துவீட்டுக்காரி எல்லாரும் பார்க்க என் பின்னலைச் சாண் போட்டு அளந்தாள். "ஒண்ணரை சாண் கூடத் தேறல. எலிவாலு" என்றாள். அந்த ரெண்டு பொம்பளைகள் பெயரும், அவர்கள் சிரித்த சிரிப்பும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சரசு பிறந்து முடி வளர வளர அது ஆயாவின் சொத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் ஸ்டூல் போட்டு, தெருவே பார்க்க எண்ணெய் வைத்து வாருவாள். பெற்றவள் நான் சீப்பைத் தொடக்கூடாது. "உன் கை பட்டா கொட்டிப்பூடும்டி" என்பாள். பதினேழு வருஷம் என் மகள் தலைக்கு நான் பேன் பார்த்ததுகூட ஆயா ஊருக்குப் போன நாட்களில்தான். நீ அந்தக் கிழவியை நல்லவளாக ஆட வைத்தாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எதையும் மறக்கிற ஜாதி இல்லை.

நீ பிழைத்தே. வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாலாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு ஆயா கேட்டாள்.

"இன்னாடி, ஏதோ வேண்டிக்கினியாமே?"

"ஆங். சரசு முடியக் குடுக்கறதா வேண்டிக்கினேன்."

"யாரு முடிய யாரு குடுக்கறது? உன் எலிவால அறுத்துக் குடு. இது எங்க வம்சத்து முடி. இதுல கை வெக்க நீ யாரு?"

உன் நைனா நடுவில் வந்தார். பஸ் கண்டக்டர் இல்லையா, டிக்கெட் கொடுக்கிறபோது ரெண்டு பக்கமும் சமாதானம் செய்து செய்து பழக்கம்தானே. "இரும்மா, பூமுடியாத்தான் இருக்கும். மூணு கத்தரிக்கு எதுக்கு இவ்ளோ கூச்சல்? இன்னாமே, பூமுடிதானே?" என்று என் பக்கம் திரும்பினார்.

ஆங் என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிற வார்த்தை. ஆயா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டோரத்தில் அந்தச் சாண் போட்ட சிரிப்பு. "இல்ல. மொட்டைனுதான் வேண்டிக்கினேன்" என்றேன்.

சாமிக்குச் சொன்னதை மாற்றுகிற தைரியம் நம்ம ஊரில் யாருக்கும் கிடையாது. மலையை வாசலில் வைத்துக்கொண்டு குடித்தனம் செய்கிறவர்கள் நாம். ஆயா வாயை மூடினாள். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சரசு கையில் கரண்டியோடு அடுப்பு ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி உள்ளே போனாள். நான் ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தேன். மகளுடைய தலை அங்கே நடுவில் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. தோன்றியும் சும்மா இருந்தேன்.

மலைமேல் முடி எடுக்கிறவர் வயசானவர், நல்ல மனுஷர். பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குப் பூமுடியாம்மா, மொட்டையா?" என்று கேட்டார். இன்னொரு தடவை எனக்கு வழி திறந்தது பார். உன் நைனா உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கினு நின்றார். "மொட்டை" என்றேன். "முடி ரொம்ப நல்லா இருக்குதும்மா, யோசிச்சுக்கோங்க" என்றார். "சாமி முடிய யோசிக்க இன்னா இருக்குது? எடுப்பா" என்றேன். அப்போதுதான் சரசு கேட்டாள், சத்தமாக இல்லை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "உன் முடியக் குடுக்கக் கூடாதாம்மா?" நான் அவள் பிடரியில் கை வைத்து அழுத்தி, "குனி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். மண்டி இல்லை, வசனம் இல்லை. முடிகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை. அவள் கழுத்து நரம்பு என் கைக்கடியில் துடித்தது.

நீ அதைப் பார்த்தே என்பது நிஜம். என் முகம் நனைந்திருந்ததும் நிஜம். அவள் தலைக்கு ஊற்றின தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. அதை நீ இத்தனை வருஷமாகக் கண்ணீர் என்று வைத்துக்கொண்டு, ஒரு நாடகமே கட்டிவிட்டே. உன்மேல் தப்பில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை தன் அம்மா அழுதாள் என்றுதான் நினைக்கப் பார்க்கும். ஆனால் சரசுவுக்குத் தெரியும். என் கை நடுங்கியதா இல்லையா என்று அவள் பிடரிக்குத் தெரியும். அவள் எதிரில் நீ மேடையில் அழுதால், அம்மாவும் தம்பியும் சேர்ந்துகொண்டு ரெண்டாவது தடவை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வாள். எழுந்து போய்விடுவாள். அதற்கப்புறம் உன் வீட்டுக்கும் வரமாட்டாள். எனக்கு மிச்சம் இருப்பது அவள் உன்னோடு பேசுகிற பேச்சு ஒன்றுதான், உன் வழியாகத்தான் அவள் சேதி எனக்கு வருகிறது. அதுவும் போகக்கூடாது.

அப்புறம் நடந்தது பாதி உனக்குத் தெரியும். சரசு அப்போது டீச்சர் ட்ரெய்னிங் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலையில் துண்டு கட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் பையன்கள், "டேய், மொட்டை டீச்சர் வர்றாங்க, எழுந்து நில்லுங்கடா" என்று எழுந்து நின்று கும்பிட்டார்களாம். பத்து நாள் பொறுத்தாள். முடி வளர்கிற வரைக்கும் வீட்டில் இருக்கிறேன் என்றாள். முடி வளர்ந்தது, படிப்பு போய்விட்டது. நகரியில் தறி வைத்திருக்கிற வீட்டில் உங்க பாவாவுக்குக் கொடுத்தோம். கல்யாணத்தன்று பூ வைக்கப் போனேன். "சின்னம்மா வெக்கட்டும்" என்று தலையை நகர்த்திக்கொண்டாள். அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அவள் தலையை நான் தொட்டதில்லை. அவள் பிள்ளைகளோடு தெலுங்கில் "ரா, போ" என்று கொஞ்சுகிறாள். உங்க நைனா காரியத்தன்று என்னை மட்டும் "பாகுன்னாரா", நல்லா இருக்கீங்களா என்று மரியாதை போட்டு விசாரித்தாள், பக்கத்து ஊர்க்காரியை விசாரிக்கிற மாதிரி.

ஆயா பற்றியும் சொல்லிவிடுகிறேன், நியாயம் நியாயம்தான். திரும்ப வளர்ந்த முடியை அவள் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தொடவில்லை. ஸ்டூலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், நான் கஞ்சி கொண்டுபோனபோது, "என்னை அறையணும்னா என்னை அறைஞ்சிருக்கலாமேடி" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது, முதல் நாளிலிருந்தே. அந்தக் கிழவிமேல் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, சாண் போட்டதை நான் மறக்கப்போவதுமில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் கஞ்சியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆகவே, மைக்கில் சொன்ன பாரத்தை இறக்கி வை. நீ பிழைத்ததற்கும் உன் அக்கா மொட்டைக்கும் சம்பந்தமே இல்லை. உனக்காகக் கேட்டது மூணு கத்தரி. மீதி முழுக்க எனக்கும் உன் ஆயாவுக்கும் நடந்தது. தாடிக்காரன் சொன்னதும் தப்பு, கண்ணாடிக்காரம்மா சொன்னதும் தப்பு. நான் உனக்காக அவளைக் கொடுக்கவும் இல்லை, சாமிக்குப் பயப்படவும் இல்லை. பயந்தவள் சாமி பெயரில் பொய் சொல்வாளா?

அந்த அம்மாவை எப்படி ஆடுவது என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நாடகம் தெரியாது, அவளைத் தெரியும். அழாதே. மண்டி போடாதே. பெண் கேட்கிறபோது பிடரியில் கை வை, ஒரு வார்த்தை சொல்லு, அதோடு நில்லு. ஜனங்கள் மூக்கை உறிஞ்சமாட்டார்கள், உறிஞ்ச வேண்டாம். அதற்காக அவளை ராட்சசியாகவும் ஆடிவிடாதே, கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, அதெல்லாம் ரொம்ப சுலபம். அன்றைக்கு மலையிலிருந்து இறங்கி வந்து, அந்தக் கையால்தான் உனக்கு ரசஞ்சோறு குழையப் பிசைந்து ஊட்டினேன். சரசு தலைக்குச் சந்தனமும் அந்தக் கையால்தான் அரைத்தேன், அவள் வாங்கித் தானே பூசிக்கொண்டாள். கெட்டது செய்கிறவள் செய்துவிட்டு வேறு ஆளாக மாறிப்போவதில்லை. உலை வைக்கிறாள், துணி மடிக்கிறாள், பிள்ளைக்கு ஜுரம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். அதை ஆட முடியுமா பார்.

இன்னொன்றும் இருக்கிறது, இது நாடகத்துக்கு இல்லை, உனக்கு. போன பொங்கலுக்கு வந்தபோது நீயும் உன் பெண்டாட்டியும் வாய்ச்சண்டை போட்டீர்கள். நீ உன் பெண்ணைக் கூப்பிட்டு, "நீயே சொல்லு, அம்மா பண்றது சரியா?" என்று நடுவில் நிறுத்தினே. அந்தக் குழந்தை ரெண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. நான் அடுப்பு ரூமிலிருந்து பார்த்துக்கினுதான் இருந்தேன். அப்போதே சொல்லியிருப்பேன், எனக்கு அதைச் சொல்லுகிற யோக்கியதை கிடையாது என்று விட்டுவிட்டேன். அதை நிறுத்து. பெரியவர்கள் சண்டை பெரியவர்களோடு இருக்கட்டும்.

இதையெல்லாம் நாடகத்தில் போடலாமா என்று அடுத்து கேட்பே. என்னைக் கேட்டால், போடு. மண்டபத்தில் பாதிப்பேர் நம்ம தெருக்காரர்கள்தான், நாளைக்குக் கடையில் பார்த்தால் பேசுவார்கள், பேசட்டும், எனக்கும் அவர்கள் ஒவ்வொருத்தர் கதையும் தெரியும். ஆனால் சரசுவைக் கேட்டுவிட்டுப் போடு. அவளைக் கேட்காமல் செய்தது ஒரு தடவை போதும்.

புதன்கிழமை காலையில் நகரி பஸ் ஏறுகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் போயிருப்பேன், அதனால் போன் போட்டுத் தடுக்காதே. மூணு கத்தரிதான் வேண்டினேன் என்பதை அவள் உன் மேடையிலிருந்து தெரிந்துகொள்ளக்கூடாது. அங்கே நாலு பேர் நடுவில் உட்கார்ந்திருப்பாள், முகத்தை மறைக்கக்கூட இடம் இருக்காது. அவள் வீட்டில் என்றால் என்னை வெளியே போ என்று சொல்லலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். அந்த உரிமை அவளுக்கு வேண்டும். அழமாட்டேன். மன்னிச்சுடு என்று கேட்பேனா தெரியவில்லை, அந்த வார்த்தை எனக்குப் பழக்கமில்லாதது, வாயில் வந்தால் வரட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு, அவள் உட்காரச் சொன்னால் உட்காருவேன், இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் திரும்புவேன்.

அவள் என்ன சொன்னாள் என்று அப்புறம் என்னைக் கேட்காதே. சொல்லமாட்டேன். அது உன் நாடகத்துக்கு இல்லை.

அம்மா